தொண்ணூறு ஊதிய ஞாயிற்றுக்கிழமை

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்று வளர்த்தது ஐந்து பேர். பெறாமல் வளர்த்தது ஒருத்தி, அவள் என் கடைசி மருமகள். இந்த ஆறு பேரில் ஒருவர்கூட என் முகத்துக்கு நேராக உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னதில்லை. (சொல்லிவிட்டு அப்புறம் யார் வீட்டில் சாப்பிடுவதாம்?) அப்படிப்பட்ட நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மதியச் சாப்பாட்டுக்குள், கோலார் தங்கவயலில் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த அறுபது ஆண்பிள்ளைகளைக் காகிதத்தில் சாகடித்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொள்வது வேறு, வெட்கப்படுவது வேறு. இரண்டாவதை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்போது எனக்கு அறுபத்து நாலு வயது. இளரத்தம். யாரையும் கேட்காமல் காரியம் செய்கிற வயது.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் பேத்தி ஜெனி. ஞாயிறு பள்ளியில் தமிழ் கற்றவள். நான் “இன்னா” என்றால் அவள் “என்ன” என்று எழுதுகிறாள், அன்றைக்கு ஆளாளுக்குப் பேசினதை மட்டும் பேசினபடியே விடுகிறாள், அது அவள் இஷ்டம். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், ஒரு சங்கீதம் முடிவதற்குள் உலை கொதித்து வழிந்துவிடும். ஆனால் நம்பர் விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. சுரங்கத்தில் இறங்குகிற ஆளுக்கு ஆள் ஒரு பித்தளை டோக்கன் உண்டு, அதில் ஒரு நம்பர். உள்ளே பாறை வெடித்தது என்று சங்கு ஊதினால் நாங்கள் பெண்கள் ஷாப்ட் வாசலுக்கு ஓடுவோம். மேலே வந்தவர்களை அங்கே பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், நம்பரைத்தான் கத்துவார்கள். எழுத்து தெரியாத பெண்களுக்கும் நம்பர் தெரியும். தெரியாமல் இருக்க முடியாது.

இந்த நம்பர் கர்வம்தான் கடைசியில் என்னைக் கவிழ்த்தது. அது அப்புறம் வருகிறது.

என் மருமகள் ஸ்டெல்லா பேத்தமங்களாவில் ஏரியோரம் நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண். பி.எஸ்ஸி. முடித்த கையோடு என் கடைசி மகன் அருளுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். இந்த ஜெனிக்கு இரண்டு வயது ஆனபோது, ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், தான் மேலே எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும் என்று சொன்னாள். பயோமெடிக்கல் சயின்ஸாம். பெங்களூரில் இடம் கிடைத்துவிட்டதாம். அன்றைக்கு என் நாத்தனார் கிரேஸக்கா பங்காருபேட்டையிலிருந்து வந்திருந்தார். (வராத ஞாயிறு எது என்று கேளுங்கள்.)

“படிச்சா டாக்டரா?” என்றார் நாத்தனார்.

இல்லை என்றாள் ஸ்டெல்லா. நர்ஸா என்றார். அதுவும் இல்லை. அப்போது கம்பவுண்டரா என்றார். ஸ்டெல்லா பொறுமையாக, ஒரு மனிதனுக்கு நோய் எதனால் வருகிறது, உடம்புக்குள் அது என்ன செய்கிறது என்று ஆராய்கிற படிப்பு என்று விளக்கினாள்.

“அதுக்கு ரெண்டு வருஷமா? என்னைக் கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவேன். எல்லாம் பேக்கரி தின்றதாலதான்,” என்று சொல்லிவிட்டு நாத்தனார் இரண்டாவது முறை குழம்பு ஊற்றிக்கொண்டார். அப்புறம் கைக்குழந்தைக்காரிக்குப் படிப்பு எதற்கு, ரயிலில் போய் வந்து படிப்பாளாம், குழந்தையை ரயில்வேக்காரனா பார்த்துக்கொள்வான் என்று ஆரம்பித்தார்.

உண்மையைச் சொன்னால் அந்தப் படிப்பு என்ன என்று எனக்கும் ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் நாத்தனார் வேண்டாம் என்று சொன்ன எந்தக் காரியமும் என் வீட்டில் நடக்காமல் போனதில்லை.

“அக்கா, கொழந்தைய நான் பாத்துக்கறேன். சோறு நான் ஆக்கறேன். இவ படிச்சி முடிச்சி அந்தக் கறுப்பு அங்கியப் போட்டுக்கினு மேடையில நிப்பா. நீங்க முன் வரிசையில குந்திக்கினு பாப்பீங்க,” என்றேன்.

அவ்வளவுதான். சொன்ன சொல் வாசலைத் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து அது ஸ்டெல்லாவின் படிப்பு மட்டுமில்லை, என் மானமும்தான்.

ஒன்றே முக்கால் வருஷம் ஓடியது. காலை ரயிலுக்கு அவள் ஓடுவாள், பின்னாலேயே டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நான் ஓடுவேன், என் இடுப்பில் ஜெனி. (அந்த டிகிரியில் பாதி என்னுடையது. இதைப் பெங்களூர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் எனக்கென்ன.)

கடைசியில் ஒரு ஆராய்ச்சி செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்டெல்லா எடுத்துக்கொண்டது எங்கள் ஊர் மூச்சை. சுரங்கத்துக்குள் வேலை செய்த ஆண்கள் முப்பது பேர், அதே வயதில் சுரங்கத்துக்குள் இறங்காத ஆண்கள் முப்பது பேர். தையல்காரர், வாத்தியார், பேக்டரியில் வேலை பார்த்தவர்கள், இப்படி. இரண்டு கூட்டத்தின் மூச்சையும் அளந்து, வித்தியாசம் என்ன என்று பார்க்க வேண்டும். அளப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் கொண்டுவந்தாள். அரை முழம் நீளம். வாயில் வைத்து ஒரே மூச்சில் ஊதினால் மேலே ஒரு சின்ன முள் ஓடும். அறுபதில் தொடங்கி எண்ணூறு வரை கோடு. முள் நிற்கிற நம்பரை எழுதிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு மூன்று தடவை.

சபைக் கூடத்தைக் கேட்டு வாங்கியாகிவிட்டது. மத்தியானம் அவளுடைய காலேஜ் மேடம் பெங்களூரிலிருந்து வந்து பார்ப்பதாக ஏற்பாடு. ஆள் சேர்க்கிற வேலையை நான் வலிய வாங்கிக்கொண்டேன். வினை அங்கே ஆரம்பித்தது.

என் மூளை எப்படி வேலை செய்தது என்றால் இப்படி: இது நோயைப் பற்றிய படிப்பு. நோய் நிறைய இருந்தால்தானே எழுத நிறைய இருக்கும்? அறுபது பேரும் வந்து குதிரை மாதிரி ஊதிவிட்டுப் போனால், “எல்லோரும் சௌக்கியம்” என்று ஒரு வரி எழுதவா இரண்டு வருஷம் ரயிலில் போனாள்? எந்த வாத்தியார் அதற்கு மார்க் போடுவார்?

இதற்குப் பழைய வாசனை ஒன்றும் உண்டு. சுரங்கக் கம்பெனி ஓடிய காலத்தில் ஆண்களின் நெஞ்சைப் பரிசோதிப்பார்கள். நெஞ்சு சரியில்லை என்று எழுதிவிட்டால் உள்ளே இறங்க வேண்டாம், மேலே சர்ஃபேஸில் வேலை கொடுத்துவிடுவார்கள். வெயிலைப் பார்த்துக்கொண்டு செய்கிற வேலை. அதனால் பரிசோதனை வந்தால் கம்பெனி எங்களுக்குக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் ஒத்திகை நடக்கும். எப்படி இருமுவது, எப்படி அரை மூச்சில் நிறுத்துவது, டாக்டர் முதுகில் கை வைக்கும்போது எப்படி நெளிவது, எல்லாம் பெண்டாட்டிமார் சொல்லிக்கொடுப்போம். நானும் என் வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தேன். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். மனுஷன் போய் டாக்டர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, கொல்லன் துருத்தி மாதிரி ஊதிவிட்டு, நல்ல ஆள் என்று சீட்டு வாங்கிக்கொண்டு சிரித்த முகமாக வீட்டுக்கு வந்தார். அப்புறம் கம்பெனி மூடுகிற வரைக்கும் உள்ளேதான். நான் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. சாலமன் என்று பேர் வைத்தால் மட்டும் புத்தி வந்துவிடாது. அந்த மனுஷனுக்குப் பொய் வராது, அது ஒரு குறைபாடு.

ஆக, குழாயைப் பார்த்ததும் எனக்குப் பழைய பாடம் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வீடு வீடாகப் போனேன். முதல் வீடு பக்கத்து வீட்டு தேவராஜண்ணன். அப்போதே அவருக்கு எழுபது. தினமும் சைக்கிளில் பேத்தமங்களா போய் காய்கறி மூட்டை கட்டிக்கொண்டு வருவார்.

“எவ்ளோ ஊதணும் ரோசம்மா?” என்று கேட்டார்.

கம்மியாக ஊதுங்கள் என்றேன். எவ்வளவு கம்மி என்றார்.

“சர்ஃபேஸ் வேலை கேக்கப் போறீங்கன்னு நெனச்சிக்கோங்க அண்ணே.”

“அவ்ளோதானா? அப்பிடித் தெளிவா சொல்லு,” என்றவர் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு இருமல் இருமிக் காட்டினார். அவர் சம்சாரம் அடுப்படியிலிருந்து தண்ணீர்ச் செம்போடு ஓடி வந்துவிட்டார்.

எல்லோருக்கும் அதே பேச்சுதான். யாருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நம்ம பொண்ணு படிப்பு என்றேன், சரி என்றார்கள். சுரங்கத்துக்குள் இறங்காத முப்பது பேரை மட்டும் விட்டுவிட்டால் அவர்கள் வருத்தப்படுவார்களே என்று அவர்களிடமும் சொன்னேன். (இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் பார்ப்பதுதான் ஆராய்ச்சியே என்று ஸ்டெல்லா எனக்கு மூன்று முறை சொல்லியிருந்தாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், கூடவே கீரையும் ஆய்ந்துகொண்டிருந்தேன்.) தையல்காரருக்கு இருமத் தெரியவில்லை. தேவராஜண்ணன் அவரைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பழக்கினார்.

கடைசியாக என் வீட்டுக்காரரிடம் வந்தேன். அன்றைக்குத்தான் என் பேச்சைக் கேட்கவில்லை, மருமகளுக்காகவாவது இந்த ஒரு தடவை கேளுங்கள் என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ம் என்றார். அந்த ம்முக்கு நான் சரி என்று அர்த்தம் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு வந்தது. ஸ்டெல்லா கூடத்து வாசலில் மேஜை போட்டு, வயது, உயரம், எத்தனை வருஷ வேலை என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். உள்ளே ஊதுகிற மேஜையில் நான். வெள்ளைச் சேலை, கையில் பேனா, முன்னால் நோட்டு. பேரை அவள் முன்பே எழுதி வைத்திருந்தாள், பக்கத்தில் மூன்று கட்டம். நம்பர் போடுவது என் பொறுப்பு. ஒவ்வொரு பத்துப் பேருக்கும் அவள் உள்ளே வந்து, முழு பலத்தோடு ஊத வேண்டும் என்று செய்து காட்டுவாள். அவள் முதுகு திரும்பியதும் நான் கையைத் தரைப்பக்கம் தாழ்த்திக் காட்டுவேன்.

என்ன சொல்ல. மேடை நாடகம் தோற்றது. ஒருவரை இரண்டு பக்கமும் இரண்டு மகன்கள் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள், காலையில் அவரை நான் மாடிப்படியில் ஓடப் பார்த்திருந்தேன். ஒருவர் கொளுத்துகிற வெயிலில் குல்லாயும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு வந்தார். தையல்காரர் பதற்றத்தில் ஊதி முடித்து, நம்பர் எழுதி, வெளியே போய், அப்புறம் ஞாபகம் வந்து திரும்பி வந்து இருமிவிட்டுப் போனார். தேவராஜண்ணன் முதலில் தொண்ணூறு ஊதினார். இரண்டாவது தடவை இருநூற்றுப் பத்து. நான் முறைத்தேன். “கொஞ்சம் நழுவிடுச்சி” என்று காதோடு சொல்லிவிட்டு மூன்றாவது நூற்று நாற்பது ஊதினார்.

என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். குழாயை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நூற்று எழுபது. மறுபடி நூற்று எண்பது. மறுபடி நூற்று எழுபது. எனக்குப் புல்லரித்துவிட்டது. முப்பது வருஷம் கழித்து மனுஷன் நடிக்கக் கற்றுக்கொண்டார். அதுவும் எப்படி? மற்றவர்கள் எல்லாம் ஏறியும் இறங்கியும் ஊத, இவர் மட்டும் மூன்று தடவையும் அளந்து வைத்த மாதிரி. மேஜைக்கு அடியில் அவர் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினேன். அவர் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மேடம் வந்தார். மெல்லிய உருவம், கன்னடக்காரர், தமிழ் புரியும். காபியும் வடையும் கொடுத்தோம். ஒரு கையில் வடையை வைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார். முதல் பக்கம் பார்த்தார். இரண்டாவது பக்கம் பார்த்தார். வடையைத் தட்டில் வைத்துவிட்டார். இந்த நம்பர் உள்ளவர்கள் எல்லாம் எப்படி நடந்து வந்தார்கள் என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார். இதில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டுமே, மீதிப் பேர் உயிரோடு இருப்பதே அதிசயம் என்றார். ஸ்டெல்லா நோட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. எனக்கோ இரண்டு வருஷக் களைப்பும் தீர்ந்தது. பார், பெங்களூர் மேடமே மலைத்துப்போகிற அளவுக்கு நோய் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து, வாலிபர் கூட்டத்துக்காகக் கூடத்தை ஒழிக்க வேண்டியிருந்தது. பழைய காலத்துத் தேக்கு பெஞ்சு, இரண்டு பேர் தூக்குகிற கனம். அதைத் தேவராஜண்ணன் ஒற்றை ஆளாகத் தோளில் போட்டுக்கொண்டு, கீர்த்தனை பாடியபடி எங்கள் முன்னால் போனார். மேடம் அவரையே பார்த்தார். இவருடைய நம்பர் என்ன என்று பொதுவாகக் கேட்டார்.

ஸ்டெல்லா நோட்டைப் புரட்டுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். நம்பர் என்றால் நான் அல்லவா.

“தொண்ணூறு,” என்றேன்.

மேடம் அவரைக் கூப்பிட்டு, “அஜ்ஜா, சென்னாகித்தீரா?” என்று கன்னடத்தில் நலம் விசாரித்தார். தேவராஜண்ணன் பெஞ்சை மெதுவாக இறக்கி வைத்தார். எங்கள் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை இருமினார்.

அவ்வளவுதான், கதை வெளியே வந்துவிட்டது. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து ஆளாளுக்குப் பேசினார்கள். ரோசம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பெண் படிப்புக்காகத்தான் எல்லோரும் கம்மியாக ஊதினோம், வேண்டுமென்றால் இன்னும் கம்மியாகவும் ஊதித் தருகிறோம் என்றார் குல்லாய்க்காரர். மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு சொல் பேசியிருப்பேன். இதில் ஒரு எண்ணைக்கூடப் பயன்படுத்த முடியாது என்று ஸ்டெல்லாவிடம் மெதுவாகச் சொன்னார். மூன்று வாரத்துக்குள் மறுபடி எல்லோரையும் ஊதவைத்து ஒழுங்காகக் கொண்டுவந்தால் சரி, இல்லையென்றால் இன்னொரு வருஷம் என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனார். அந்த நோட்டை மட்டும் தூக்கிப் போடாதே என்றார். எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை.

வீட்டில் ஸ்டெல்லா அழவில்லை, திட்டவும் இல்லை. பாத்திரம் துலக்கினாள். துலக்கின பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள்.

“அத்தை, நோய் ஜாஸ்தியா இருந்தா மார்க் ஜாஸ்தின்னு யார் சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் என்றேன்.

“நிஜமா இன்னா இருக்குதோ அதுக்குத்தான் அத்தை மார்க்கு.”

இதைவிட அவள் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம். அதற்குள் பங்காருபேட்டைக்குச் செய்தி போய்விட்டது. நாத்தனார் போனில் கூப்பிட்டு, “இன்னா ரோசம்மா, அங்கி தெச்சாச்சா?” என்று விசாரித்தார். பக்கத்தில் அருள், போதும்மா, இன்னொரு வருஷம் இந்த ஓட்டம் வேண்டாம், அவள் வீட்டோடு இருக்கட்டும் என்றான்.

“யார்ரா ஓடறது, நீயா? அவ ஓடறா, நான் ஓடறேன். நீ நின்ன எடத்துல நின்னுக்கினு போதும்ன்றே,” என்றேன். கெடுத்தது நான், சரி பண்ணப் போவதும் நான், நடுவில் யாரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அருள் வாயை மூடிக்கொண்டான். நல்ல பிள்ளை, நான் வளர்த்தது.

அடுத்த ஞாயிறு, அறிவிப்புகள் வாசித்து முடித்து போதகர் ஜெபிக்கக் கையைத் தூக்கின நேரம், நான் எழுந்து நின்றேன். எங்கள் சபையில் பெண்கள் அப்படி நடுவில் எழுந்து பேசுகிற வழக்கம் இல்லை. எழுந்த பிறகுதான் அது எனக்கே ஞாபகம் வந்தது, அதற்குள் நூறு தலை திரும்பிவிட்டது. போன வாரம் உங்களை எல்லாம் பொய் ஊத வைத்தேன், வருகிற வாரம் அதே கூடம், அதே குழாய், இந்தத் தடவை நிஜமாக ஊத வேண்டும், வராதவர் வீட்டுக்கு நான் வருவேன் என்றேன். உட்கார்ந்தேன். போதகர் தூக்கின கையோடு அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். (நான் மன்னிப்புக் கேட்டதாக ஜெனி இந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தாள். அடிக்கச் சொன்னேன். கேட்கவில்லை. நடந்ததைத்தான் எழுத வேண்டும்.)

ஆனால் ஆண்பிள்ளைகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பெங்களூர் அம்மா முன்னால் இருமிக் காட்டி மானம் போய்விட்டது, மறுபடி அந்த முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒருவரும் அசையவில்லை. பக்கத்துச் சுரங்கமான மைசூர் மைன்ஸ் ஆட்கள் ஐந்நூறு ஊதிவிட்டார்களாம் என்று ஒரு புரளி கிளப்பட்டுமா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். “அத்தை, இந்தத் தடவை ஒரு பொய் கூட வேணாம்,” என்று கையெடுத்துக் கும்பிட்டாள். சரி, பொய் வேண்டாம். ஆகவே மைசூர் மைன்ஸுக்கே நேரில் போய், எங்கள் பக்கத்து ஆட்கள் ஊத வரப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னேன். (அது நிஜம்தானே.) பத்துப் பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்கள். கால்பந்து காலத்திலிருந்து அந்த இரண்டு பக்கத்துக்கும் ஆகாது. அவர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் எங்கள் ஆட்கள் காலை எட்டு மணிக்கே கூடத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

அன்றைக்கு ஊதினார்கள் பாருங்கள். மேடம் முதலிலிருந்தே கூட இருந்தார். நம்பர் எழுதுவதிலிருந்து என்னைத் தூக்கிவிட்டு, குழாயில் சொருகுகிற அட்டை வாயை ஆளுக்கு ஒன்று எடுத்துக் கொடுக்கிற வேலையில் போட்டிருந்தாள் ஸ்டெல்லா. தேவராஜண்ணன் நானூற்று முப்பது, நானூற்று நாற்பது, நானூற்று முப்பது. தையல்காரர் முந்நூற்று எண்பது ஊதிவிட்டு, முதல் தடவை தன்னைக் கெடுத்தது தேவராஜ்தான் என்றார். நெஞ்சு நிஜமாகவே கெட்டவர்களும் இருந்தார்கள், அவர்களும் மறைக்காமல் ஊதிவிட்டுப் போனார்கள். போன தடவையின் நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து ஸ்டெல்லா எழுதினாள். ஒவ்வொரு பேருக்கும் நம்பர் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏறியது. நான் ஒவ்வொருவருக்கும் கை தட்டினேன்.

என் வீட்டுக்காரர் முறை வந்தது. அட்டை வாயை அவர் கையில் கொடுத்தேன். நடிப்பில் உங்களை யாரும் மிஞ்ச முடியாது, போன தடவையே பார்த்தாகிவிட்டது, இன்றைக்கு நிஜமாக ஊதுங்கள் என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார்.

“போன தடவையும் நெஜமாத்தான் ரோசம்மா ஊதினேன்.”

ஊதினார். நூற்று எழுபது. மறுபடி நூற்று எழுபது. கடைசியில் நூற்று எண்பது.

ஸ்டெல்லா பழைய நோட்டில் அவர் பேர் உள்ள வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். மேடமும் குனிந்து பார்த்தார். என் கையால் நான் போட்ட மூன்று நம்பர். அறுபது பேரில் அவர் ஒருவர்தான் என் பேச்சை ஒழுங்காகக் கேட்டார் என்று இரண்டு வாரம் நான் பெருமைப்பட்டேன். அறுபது பேரில் அவர் ஒருவர்தான் கேட்கவில்லை.

அப்புறம் ஆஸ்பத்திரி, படம், மருந்து. எத்தனை நாளாக மூச்சு வாங்குகிறது என்று டாக்டர் கேட்டதற்கு இரண்டு வருஷமாக என்றார். கடைக்குப் போய் மேடு ஏறி வரும்போது பாதியில் நின்று, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்து கிடக்கிற சயனைடு மேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அது வேடிக்கை பார்ப்பது என்றல்லவா நான் நினைத்தேன். இருபது தடவை திட்டியும் இருக்கிறேன், அங்கே என்ன மயில் ஆடுகிறதா என்று. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். மருமகள் படிக்கிற நேரத்தில் எதற்கு என்றார். பொய் வராத மனுஷன் என்று இத்தனை வருஷம் நம்பிக் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

ஒரு பம்ப் கொடுத்தார்கள். காலையும் மாலையும் உள்ளே இழுக்க வேண்டும். இப்போது அவருக்கு எழுபத்தெட்டு வயது. மேட்டில் இன்னும் நின்று நின்றுதான் ஏறுவார், நானும் கூட நிற்கிறேன். எனக்கும் முட்டி வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஸ்டெல்லா முதல் வகுப்பில் தேறினாள். மேடம் அந்தப் பழைய நோட்டை எதற்குத் தூக்கிப் போடாதே என்றார் என்பது பிறகுதான் தெரிந்தது. பொய்யாக ஊதுகிறவனால் மூன்று தடவை ஒரே அளவு ஊத முடியாதாம். ஏறும், இறங்கும். நிஜமாக ஊதுகிறவனுக்குத்தான் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் விழும். அதைக் காட்டுவதற்கு என் நோட்டைப்போல நல்ல உதாரணம் கிடைக்காதென்று, பேரை எல்லாம் மறைத்துவிட்டு அதில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து ஆராய்ச்சியின் கடைசியில் சேர்த்துவிட்டார்கள். பெங்களூரில் ஒரு காலேஜ் லைப்ரரியில், கெட்டி அட்டை போட்ட புத்தகத்துக்குள், இரண்டாம் வகுப்பு ரோசம்மாளின் கையெழுத்து இருக்கிறது. எம்.எஸ்ஸி. படிக்கிறவர்கள் அதைப் பார்த்துப் படிக்கிறார்கள். நாத்தனாரிடம் இதை நான் நானூறு தடவைக்குக் குறையாமல் சொல்லியிருப்பேன். பட்டமளிப்புக்கு அவரும் வந்தார். முன் வரிசை கிடைக்கவில்லை, மூன்றாவது வரிசைதான். அதற்கு நான் பொறுப்பில்லை. கறுப்பு அங்கியைப் பார்த்துவிட்டு, கழுத்துப் பக்கம் தையல் சரியில்லை என்றார்.

எங்கள் வீட்டில் இப்போதும் யாராவது பள்ளிக்கூடம் போகாமல் இருக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டால், வேலைக்குப் போகாமல் இருக்கத் தலைவலி என்றால், “தொண்ணூறா?” என்று ஒரு கேள்விதான். அதற்கு மேல் விசாரணை கிடையாது. தேவராஜண்ணனை லைன் பிள்ளைகள் தொண்ணூறு தாத்தா என்று கூப்பிடுகின்றன. அது தன் வயது என்று யாராவது நினைத்துவிடப் போகிறார்களே என்று அவருக்கு ஒரே கவலை. எனக்கு எழுபத்தொன்பதுதான் என்று சைக்கிளை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போகிறார்.

என் வீட்டுக்காரரை மட்டும் யாரும் அந்தக் கேள்வி கேட்பதில்லை. அவர் எதற்காவது முடியவில்லை என்றால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

சரி ஜெனி, பேனாவை மூடாதே. முதல் வரியிலிருந்து ஒரு தடவை சத்தமாகப் படி, தாத்தாவும் கேட்கட்டும். உன் எழுத்தில் தப்பு இருந்தால் நீயே பார்த்துத் திருத்திக்கொள், எனக்குத் தெரியப்போவதில்லை. நம்பர் வருகிற இடத்தில் மட்டும் மெதுவாகப் படி. அது நான் சரிபார்க்க வேண்டும்.